வெண்மரமும் உயிர்ப்பட்டையும்

போன்சாய்களுள் ஜூனிபரை நாம் அதன் அடிமரத்தால் அறிகிறோம். ஷிம்பாக்கு என ஜப்பானியர் அழைக்கும் வகையில், எலும்பென வெளுத்த செத்த மரத்தைத் தழுவிச் செம்பழுப்பு உயிர்ப்பட்டை ஒன்று முறுக்கி ஏறும். மலைப்பாறை இடுக்குகளில் காற்றும் பனியும் செதுக்கிய கோலம் அது. கயிற்றில் தொங்கி அம்மரங்களைப் பெயர்த்தெடுத்தோரும் உண்டு.

1923 நிலநடுக்கத்துக்குப் பின் டோக்கியோவை விட்டகன்ற போன்சாய் வளர்ப்போர், 1925இல் சைத்தாமா மாகாணத்து ஓமியாவில் தமக்கென ஓர் ஊரே கண்டனர். அதே மாகாணத்தில், 2019 ஜனவரியில், ஏறத்தாழ 400 வயது ஷிம்பாக்கு ஒன்று களவு போயிற்று. மதிப்பு ஒரு கோடி யென்னுக்கு மேல் என்றார்கள். வளர்த்த குடும்பத்துப் பெண்மணியிடம் நாம் வசவைத்தான் எதிர்பார்த்திருப்போம். அவரோ, மரத்துக்குத் தண்ணீர் வார்க்கும்படி இணையத்தில் திருடரை வேண்டினார். ஜூனிபர் உயிர்விட்ட பின்னும் வாரக்கணக்கில் அதன் இலை பச்சையாகவே நிற்கும். கவர்ந்தவனுக்கு அது தெரிந்திராது.