சத்தம் நிக்கும், வண்டி நிக்காது: பிரேக் கீச்சொலியின் கதை

சிக்னல்ல பிரேக் மிதிக்கிறோம், "கீச்ச்ச்"னு ஒரு சத்தம். பக்கத்து பைக்காரர் திரும்பி நம்மள ஒரு பார்வை பார்க்கிறார். இன்னிக்கு எபிசோடு அந்தச் சத்தத்தோட வரலாறு. சாஃப்ட்வேர் வேலையில இருக்கிற எங்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. அலாரம் அடிச்சா முதல்ல ம்யூட் பண்ணுவோம். ஏன் அடிச்சுதுன்னு அப்புறம்தான் பார்ப்போம். பிரேக் விஷயத்துல கார் உலகமும் ஒரு தடவை அப்படித்தான் செஞ்சுது. அதுக்கு மனுஷங்க உயிரைக் கொடுத்தாங்க.

1888 ஆகஸ்ட், ஜெர்மனி. கார்ல் பென்ஸ் உருவாக்கின மோட்டார் வண்டியை, அவருக்கே சொல்லாம, மனைவி பெர்த்தா பென்ஸ் எடுத்துக்கிட்டு கிளம்பினாங்க. கூட இரண்டு மகன்கள். மான்ஹைம்ல இருந்து ஃபோர்ட்ஸ்ஹைம் வரைக்கும், நூறு கிலோமீட்டருக்கு மேல. வழியில மரத்தாலான பிரேக் கட்டை தேய்ஞ்சுபோச்சு. செருப்பு தைக்கிற ஒருத்தர்கிட்ட கொடுத்து, கட்டை மேல தோல் அடிச்சு வாங்கினாங்க. இன்னிக்கு நாம பிரேக் லைனிங்னு சொல்றதோட தொடக்கம் இதுதான்.

அடுத்து இங்கிலாந்து. 1902ல ஃபிரெடெரிக் லான்செஸ்டர் டிஸ்க் பிரேக்குக்கு காப்புரிமை வாங்கினார். யோசனை பிரமாதம். ஆனா அவர் பேடுக்குப் பயன்படுத்தினது செம்பு. உலோகத்து மேல உலோகம் உரசினா என்ன ஆகும்? காது கூசுற அளவுக்கு அலறல். போதாததுக்கு அன்னைக்கு இருந்த புழுதி ரோட்டுல செம்பு சீக்கிரமே தேய்ஞ்சுது.

இந்த அலறல் எப்படி வருது? டம்ளர் விளிம்பை ஈர விரலால தேய்ச்சுப் பாருங்க, பாடும். விரல் ஒரு கணம் ஒட்டுது, மறுகணம் வழுக்குது. இது நொடிக்குப் பல நூறு தடவை நடக்கும்போது டம்ளர் அதிர ஆரம்பிக்குது. பிரேக்லயும் பேடும் டிஸ்கும் இப்படி உரசி, மொத்த அமைப்பும் அதிருது. அதிர்வு நொடிக்கு ஆயிரத்தைத் தாண்டினா நம்ம காதுக்குக் கீச்சு.

லான்செஸ்டரோட பிரச்சினைக்கு 1907 வாக்குல விடை கொண்டுவந்தவர் ஹெர்பர்ட் ஃப்ரூட். ஃபெரோடோ நிறுவனத்தைத் தொடங்கினவர். அவர் பிரேக் லைனிங்ல சேர்த்த பொருள் ஆஸ்பெஸ்டாஸ். நமக்கு ஆஸ்பெஸ்டாஸ்னா கூரை ஷீட்டுதான் ஞாபகம் வரும், அதே கல்நார்தான். சூடு தாங்கும், நல்லா பிடிக்கும், செம்பு மாதிரி அலறாது, விலையும் குறைவு. உலகம் பூரா கார்களும் லாரிகளும் அதுக்கு மாறின.

இப்போ அதே நாட்டுல இன்னொரு ஊர், ராச்டேல். அங்க கல்நாரை நூலா நூற்கிற ஆலையில வேலை பார்த்தவர் நெல்லி கெர்ஷா. 1924ல, 33 வயசுல நுரையீரல் கெட்டு இறந்தாங்க. நிறுவனம் இழப்பீடு தர மறுத்துடுச்சு. அவங்க நுரையீரலைச் சோதிச்ச டாக்டர் வில்லியம் குக், உள்ளே கனிமத் துகள்கள் இருந்ததை அதே வருஷம் மருத்துவ இதழ்ல எழுதினார். அந்த நோய்க்குத்தான் பிறகு ஆஸ்பெஸ்டோசிஸ்னு பேர் வந்துச்சு. 1931ல பிரிட்டன் ஆஸ்பெஸ்டாஸ் ஆலைகளுக்கு விதிமுறை போட்டுது. ஆனா மெக்கானிக் ஷெட்டுல பிரேக் ட்ரம்மைக் கழட்டி, உள்ளே இருக்கிற தூசியை ஏர் அடிச்சு ஊதினவங்களை யாரும் கணக்குல எடுக்கல. இந்த நார் உண்டாக்குற புற்றுநோய் வெளியே தெரிய பல பத்து வருஷம் ஆகும். பிரிட்டன் முழுத் தடை கொண்டுவந்தது 1999ல. அதாவது கெர்ஷா இறந்து 75 வருஷம் கழிச்சு. இந்தியாவுல முழுத் தடை இன்னும் இல்ல.

இதைத் தெரிஞ்சுக்கிட்டு நம்ம காருக்கு வருவோம். எல்லாக் கீச்சும் ஒண்ணு இல்ல. மழைக்கு அடுத்த நாள் காலையில மட்டும் கத்தி, நாலு மிதியில நின்னா, அது டிஸ்க் மேல படிஞ்ச மெல்லிய துரு, விட்டுடுங்க. தினமும் மெல்லிசா கீச்சிடுதா? சக்கரத்து இடுக்கு வழியா டார்ச் அடிச்சு பேடைப் பாருங்க. உரசுற பகுதி 3 மில்லிமீட்டர் அளவுக்கு வந்துட்டா மாத்துற நேரம். பல பேடுகள்ல ஒரு சின்னத் தகடு இருக்கும். பேடு தேய்ஞ்சதும் அது டிஸ்கைத் தொட்டுக் கத்தும். கத்தணும்னே வச்சது அது. ஒரு காலத்துல ஒழிக்கப் பாடுபட்ட சத்தத்தை, இன்னிக்கு எச்சரிக்கையா வேணும்னே வைக்கிறாங்க! "கரகர"ன்னு அரைச்சா, பேடு தீர்ந்து இரும்பு இரும்பைத் தேய்க்குதுன்னு அர்த்தம். வண்டியை எடுக்காதீங்க, மெக்கானிக்கைக் கூப்பிடுங்க.

பேடு தடிமனா இருந்தும் கத்துதா? வேலை தெரிஞ்ச ஒருத்தரைப் பக்கத்துல வச்சுக்கிட்டு வீட்டுலயே பார்க்கலாம். சமதரையில நிறுத்தி, மத்த சக்கரங்களுக்குக் கட்டை வைங்க. ஜாக்கியை மட்டும் நம்பாம ஸ்டாண்டு போடுங்க. தூசியை வாயாலயோ ஏராலயோ ஊதவே ஊதாதீங்க. பழைய வண்டியோட லைனிங்ல என்ன இருக்குன்னு பார்த்துச் சொல்ல முடியாது. மாஸ்க் போட்டு, பிரேக் கிளீனர் அடிச்சு ஈரமாக்கித் துடைங்க. பேடோட முதுகுப் பக்கம், அது உட்கார்ற இடங்கள், காலிப்பர் பின், இங்கெல்லாம் சூடு தாங்குற பிரேக் கிரீஸ் கொஞ்சமா தடவுங்க. அதிர்வு அடங்கும். டிஸ்கைத் தொடுற பக்கத்துல எண்ணெயோ கிரீஸோ ஒரு சொட்டுகூட படக்கூடாது. பட்டா சத்தம் நிக்கும், வண்டி நிக்காது. எல்லாம் மாட்டினதும், நகர்றதுக்கு முன்னாடி பெடல் கெட்டியாகுற வரைக்கும் மிதிச்சுப் பாருங்க.

மியூசிக் வால்யூமை ஏத்தி இந்தச் சத்தத்தை மறைக்கிறவங்க நம்ம நண்பர்கள்லயே இருக்காங்க. அவங்களுக்கு இந்த எபிசோடை அனுப்புங்க. அடுத்த வாரம் பார்ப்போம்.