மருதையாறும் தூத்துக்குடி எக்ஸ்பிரஸும்

பெரம்பலூர், அரியலூர் என்றால் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது கரிசல் காடும் சிமெண்ட் ஆலைகளும்தான். புயல், வெள்ளம் எல்லாம் கடலூர், நாகப்பட்டினம் பக்கத்துச் சமாச்சாரம் என்று ஒரு நினைப்பு. ஆனால் மழையால் நேர்ந்த மிகக் கொடிய ரயில் விபத்துகளில் ஒன்று நடந்தது இங்கேதான்!

1956 நவம்பர் 22 இரவு சென்னை எழும்பூரிலிருந்து தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் சுமார் 800 பயணிகளுடன் கிளம்பியது. வழியெங்கும் அடைமழை. மறுநாள் விடியற்காலை சுமார் ஐந்தரை மணிக்கு வண்டி அரியலூரைத் தாண்டி கல்லகம் நோக்கிப் போனது. இடையில் மருதையாறு. பச்சைமலையில் பிறந்து பெரம்பலூர் வழியாக வந்து கொள்ளிடத்தில் சேரும் இந்த ஆறு, வருடத்தில் பல மாதம் வெறும் மணலாகத்தான் கிடக்கும். மலையில் மழை கொட்டினால் ஆளே மாறிவிடும். அன்று வெள்ளம் பாலத்தை ஒட்டிய மண்கரையை அரித்துவிட்டிருந்தது. எஞ்சினும் முன்பக்கப் பெட்டிகள் ஏழும் ஆற்றில் விழுந்தன. இறந்தவர்கள் 140 பேருக்கும் மேல். பலரை வெள்ளம் இழுத்துக்கொண்டு போனதால் எண்ணிக்கை பதிவுக்குப் பதிவு மாறுகிறது.

இதற்குப் பிறகு நடந்தது எல்லோருக்கும் தெரிந்த கதை. அதே ஆண்டு மெகபூப் நகர் விபத்தில் 112 பேர் இறந்தபோதே ராஜினாமா கொடுத்த ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி, மீண்டும் கொடுத்தார். இந்த முறை நேரு ஏற்றுக்கொண்டார். இன்றும் அரியலூர் என்றால் மேடைகளில் பேசப்படுவது அந்த ராஜினாமாதான். அது பெரிய செயல், சந்தேகமில்லை. ஆனால் ரயிலைக் காப்பாற்றுவது ராஜினாமா அல்லவே!

பாலத்தின் தூணில் அபாய அளவு வரைவதும், மழை இரவில் விளக்கோடு தண்டவாளம் நெடுக நடந்து கரை நிற்கிறதா என்று பார்ப்பதும் ரயில்வேயின் பழைய வழக்கங்கள்தான். கரை கரைந்தபின் தண்டவாளம் அந்தரத்தில் நின்றாலும் இருட்டில் வரும் ஓட்டுநருக்குத் தெரியாது. நடந்து போகிறவர் கண்ணுக்குத் தெரியும். இருந்தும் 2005 அக்டோபர் 29 அன்று ஆந்திராவின் (இன்றைய தெலங்கானா) வலிகொண்டா அருகே திடீர் வெள்ளம் ஒரு சிறு பாலத்தை அடித்துக்கொண்டு போக, டெல்டா பாசஞ்சர் கவிழ்ந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அரியலூருக்கு 49 ஆண்டுகளுக்குப் பிறகு!

காட்டாறுகளில் உள்ள சிக்கலே இதுதான். பாலத்தருகே எவ்வளவு மழை பெய்தது என்று மட்டும் பார்த்தால் போதாது. மருதையாற்றுப் பாலத்துக்கு வரும் தண்ணீர் பெரம்பலூர்ப் பக்கத்து மலையில் பெய்தது. அங்கே பெய்த மழையின் கணக்கு, வண்டி கிளம்பும் முன் அரியலூர் ஸ்டேஷனுக்கு வந்து சேரவேண்டும்.