ஹாமண்ட் ஆர்கனும் ஜாஸ் கிதாரும்: மறைந்த மேதைகளும் ரசிகர்களின் நினைவும்

ஹாமண்ட் ஆர்கன், மின்கிதார், டிரம்ஸ் ஆகிய மூன்று கருவிகள் மட்டுமே கொண்ட ஜாஸ் குழு 'ஆர்கன் டிரையோ' எனப்படுகிறது. 1950களின் நடுவிலிருந்து 1970களின் தொடக்கம் வரை அமெரிக்க நகரங்களில் கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதிகளின் மதுக்கூடங்களில் இவ்வடிவம் செழித்தது. ஜிம்மி ஸ்மித், வெஸ் மாண்ட்கோமரி, கிராண்ட் கிரீன், லாரி யங், ஷெர்லி ஸ்காட், பாட் மார்டினோ, ஜோயி டிஃப்ரான்செஸ்கோ ஆகியோர் இதன் முதன்மைக் கலைஞர்களில் சிலர். இவர்களில் இன்று எவரும் உயிருடன் இல்லை. லாரி யங் 37 வயதிலும், கிராண்ட் கிரீன் 43 வயதிலும், வெஸ் மாண்ட்கோமரி 45 வயதிலும் இறந்தனர்.

இந்த இசை பெரும்பாலும் எழுதிவைக்கப்படாதது. கலைஞர்கள் ஒருவர் வாசிப்பதை மற்றவர் கேட்டே கற்றனர். அக்கால இதழ்களின் விமர்சகர் பலர் ஆர்கன் ஜாஸைக் குடிப்பவர்களுக்கான கேளிக்கை என்று ஒதுக்கினர். ஆகவே இவர்கள் எப்படி நினைவுகூரப்பட்டனர் என்ற வரலாற்றில் இசைத்தட்டுகளும், ஒலிநாடாக்களும், அவற்றைத் தேடிக் கேட்ட ரசிகர்களுமே பெரும்பங்கு வகிக்கின்றனர்.

கருவி

ஹாமண்ட் ஆர்கனை உருவாக்கிய லாரன்ஸ் ஹாமண்ட் இசைக்கலைஞர் அல்ல. சிகாகோவில் மின்கடிகாரங்கள் தயாரித்து வந்த பொறியாளர். கடிகார முள்ளைச் சீராகச் சுழற்றும் அதே வகை மோட்டாரைக் கொண்டு, விளிம்பில் மேடு பள்ளங்கள் உள்ள உலோகச் சக்கரங்களைக் காந்தங்களின் அருகே சுழற்றினால், ஒவ்வொரு சக்கரமும் ஒரு சுரத்துக்கான மின்னலையை எழுப்பும். பி-3 மாதிரியில் இத்தகைய சக்கரங்கள் 91 உள்ளன. இசைப்பவர் தம் முன்னுள்ள இழுப்புக் கட்டைகளை வெளியே இழுத்தும் உள்ளே தள்ளியும் அவற்றின் ஒலிகளை வேண்டிய அளவில் கலந்துகொள்வார்.

1935இல் சந்தைக்கு வந்தபோது இதை அதிகம் வாங்கியவை தேவாலயங்கள். குழாய் ஆர்கன் வாங்க வசதியில்லாத சிறிய சபைகளுக்கு இது கைக்கெட்டும் விலையில் கிடைத்தது. கறுப்பினச் சபைகளின் காஸ்பல் இசைக்குள் இது நுழைந்தது அவ்வழியாகவே. ஜாஸில் ஃபேட்ஸ் வாலரும் கவுண்ட் பேசியும் முன்னரே ஆர்கன் வாசித்திருக்கின்றனர். எனினும் அது அவர்களுக்குப் பியானோவுக்கு அடுத்த கருவியாகவே இருந்தது.

விசையை அழுத்தும்போது எழும் 'டக்' என்ற சிறு ஓசையை ஹாமண்ட் நிறுவனப் பொறியாளர்கள் குறைபாடாகக் கருதினர். ஜாஸ் கலைஞர்களோ அந்த ஓசைதான் தாளத்துக்குக் கூர்மை தருகிறது என்று விரும்பினர். சுழலும் கொம்புடைய லெஸ்லி ஒலிபெருக்கியின் கதையும் இதுவே. டான் லெஸ்லி தயாரித்த அதை லாரன்ஸ் ஹாமண்ட் ஏற்கவில்லை. இன்று அது இல்லாத ஹாமண்ட் ஒலியைக் கற்பனை செய்வதே கடினம். தயாரித்தவர் வேண்டாம் என்றதையெல்லாம் வாசித்தவர்கள் வேண்டும் என்றனர்.

ஆர்கன் டிரையோ பரவியதற்குப் பணக்கணக்கும் ஒரு காரணம். ஆர்கன் வாசிப்பவர் இடக்கையாலும் பாதத்தாலும் பேஸ் பகுதியையும் வாசித்துவிடுவதால் தனியாகப் பேஸ் கலைஞர் தேவையில்லை. சிறிய மதுக்கூடத்தின் உரிமையாளர் மூவருக்குச் சம்பளம் கொடுத்து ஒரு பெரிய குழுவின் ஓசையைப் பெற்றார். அதற்கான விலையைக் கலைஞர்களின் முதுகு கொடுத்தது. இருக்கையும் பெடல்களும் சேர்த்து ஏறக்குறைய 190 கிலோ எடையுள்ள கருவியை ஊர் ஊராக வண்டியில் ஏற்றி இறக்க வேண்டியிருந்தது.

ஜிம்மி ஸ்மித்

பிலடெல்பியாவை அடுத்த நாரிஸ்டவுனில் பிறந்த ஜிம்மி ஸ்மித் முதலில் பியானோ கலைஞர். வைல்ட் பில் டேவிஸ் ஆர்கன் வாசிப்பதைக் கேட்டபின் கருவியை மாற்றிக்கொண்டார். ஓர் ஆர்கனை வாங்கிச் சேமிப்புக் கிடங்கு ஒன்றில் வைத்து, கால் பெடல்களின் படத்தைச் சுவரில் ஒட்டி, ஏறக்குறைய ஓராண்டு தனியே பயின்றார். 1956இல் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் அவர் வாசிப்பதைக் கேட்ட ஆல்பிரட் லயன் தம் 'புளூ நோட்' நிறுவனத்துக்கு உடனே ஒப்பந்தம் செய்தார். அடுத்த சில ஆண்டுகளில் வெளிவந்த 'தி செர்மன்', 'பேக் அட் தி சிக்கன் ஷேக்' ஆகியவை ஆர்கன் ஜாஸின் இலக்கணமாகவே ஆகிவிட்டன. ஸ்மித் பயன்படுத்திய இழுப்புக் கட்டை அமைப்பை, முதல் மூன்றையும் முழுவதுமாக இழுத்து மற்றவற்றை மூடிவைப்பதை, இன்றும் ஆர்கன் பயிலும் மாணவர் முதலில் கற்கிறார்.

பிலடெல்பியாவும் அதன் சுற்றுப்புறமும் இதன்பின் ஆர்கன் கலைஞர்களின் நாற்றங்கால் ஆயின. ஜிம்மி மெக்கிரிஃப், டிரூடி பிட்ஸ், சார்லஸ் எர்லண்ட் ஆகியோர் அங்கிருந்து வந்தவர்கள். 'ஆர்கன் அரசி' எனப்பட்ட ஷெர்லி ஸ்காட்டும் அந்நகரத்தவரே; பிற்காலத்தில் செய்னி பல்கலைக்கழகத்தில் இசை கற்பித்து, 2002இல் மறைந்தார்.

கட்டை விரல்

ஜாஸ் கிதார் ரசிகர்களின் நினைவுப் பணி ஆர்கன் டிரையோவுக்கும் முந்தையது. மின்கிதாரை ஜாஸில் தனிக்கருவியாக நிலைநாட்டிய சார்லி கிறிஸ்டியன் 1942இல், 25 வயதில், காசநோயால் இறந்தார். ஹார்லெமின் மிண்டன்ஸ் கூடத்தில் அவர் நள்ளிரவுக்குப் பின் நேரக்கட்டுப்பாடின்றி வாசித்ததை 1941இல் தட்டில் பதிந்தவர் ஜெரி நியூமன் என்ற கொலம்பியா பல்கலைக்கழக மாணவர். மூன்று நிமிடத் தட்டுகளுக்குள் அடைபடாத கிறிஸ்டியனை உலகம் கேட்க முடிவது அந்த மாணவர் தம் பதிவுக்கருவியைச் சுமந்து சென்றதால்தான்.

கிறிஸ்டியனின் தட்டுகளைக் கேட்டு, அவற்றிலுள்ள ஒவ்வொரு சுரத்தையும் மனப்பாடமாக வாசித்துப் பழகியவர் இண்டியானாபொலிஸ் நகரின் வெஸ் மாண்ட்கோமரி. அவருக்கு இசைக்குறியீடு படிக்கத் தெரியாது. ஏழு பிள்ளைகள், பகலில் தொழிற்சாலை வேலை, மாலையில் ஒரு மதுக்கூடம், நள்ளிரவுக்குப் பின் இன்னொன்று. இரவில் வீட்டில் பயிலும்போது ஓசை அக்கம்பக்கத்தாரைத் தொல்லை செய்யாதிருக்க மீட்டும் தகட்டை விட்டுக் கட்டை விரலின் சதைப்பகுதியால் மீட்டத் தொடங்கினார். அந்த மென்மையே அவர் அடையாளமாயிற்று. ஒரே சுரத்தை இரு ஸ்தாயிகளிலும் சேர்த்து வாசிக்கும் முறையை அவர் அளவுக்கு வேகத்தோடும் இயல்போடும் எவரும் அதற்குமுன் கையாண்டதில்லை. முதலில் தனிச்சுரங்கள், பின் இரட்டை ஸ்தாயி, இறுதியில் முழுக் கார்டுகள் என்று ஒரு பாடலை மூன்று படிகளில் ஏற்றிச்செல்வது அவர் வழக்கம்.

1959இல் சாக்ஸபோன் கலைஞர் கேனன்பால் ஆடர்லி அவரைக் கேட்டு வியந்து 'ரிவர்சைட்' நிறுவனத்திடம் சொன்னார். அந்நிறுவனத்தில் வெஸ்ஸின் முதல் தட்டு ஆர்கன் டிரையோவாகவே அமைந்தது. ஆர்கன் வாசித்தவர் அவர் ஊர்க்காரரான மெல்வின் ரைன்.

1966 செப்டம்பரில் ஜிம்மி ஸ்மித்தும் வெஸ்ஸும் 'வெர்வ்' நிறுவனத்துக்காக இணைந்து வாசித்தனர். ஆலிவர் நெல்சனின் பெருங்குழுவுடன் சில பாடல்கள், சிறுகுழுவில் சில. அதிலிருந்து 'தி டைனமிக் டுவோ' முதலிய இரு தட்டுகள் வெளிவந்தன. இரு கருவிகளின் தலைசிறந்த கலைஞர்களும் சேர்ந்த இந்தப் பதிவுகளை விட்டுவிட்டு ஆர்கன்–கிதார் ஜாஸைப் பற்றிப் பேசமுடியாது.

வெஸ்ஸின் கடைசி ஆண்டுகள் பற்றி ரசிகர்களுக்குள் ஒரு பழைய பிணக்கு உண்டு. அப்போது அவர் பிரபலப் பாடல்களை வயலின் குழுப் பின்னணியில் சுருக்கமாக வாசித்து வெளியிட்டார். கிராமி விருதும் பெரும் விற்பனையும் வந்தன. ஜாஸ் விமர்சகர்கள் அவர் விலைபோய்விட்டதாக எழுதினர். குற்றச்சாட்டில் நியாயம் குறைவு. இருபது ஆண்டு இரட்டை உழைப்புக்குப்பின் வந்த வருமானத்தை அவர் ஏன் மறுத்திருக்க வேண்டும் என்று கேட்டவர்கள் அன்று அதிகமில்லை. மேடையில் அவர் பழையபடி நீண்ட தனிவாசிப்புகளையே தந்துகொண்டிருந்தார். 1968 ஜூன் 15 அன்று மாரடைப்பால் இறந்தார்.

அவர் வளர்ந்த இண்டியானா அவென்யூ மதுக்கூடங்கள் பின்னர் நெடுஞ்சாலைக்கும் பல்கலைக்கழக விரிவாக்கத்துக்கும் இடம்விட்டு மறைந்தன. ஆனால் 1950களின் இறுதியில் அங்கு வாசித்த காலத்தின் ஒலிநாடாக்கள் எஞ்சியிருந்தன. 'ரெசனன்ஸ்' நிறுவனம் அவற்றை 2012இல் 'எக்கோஸ் ஆஃப் இண்டியானா அவென்யூ' என வெளியிட்டது. இடிந்துபோன தெருவின் ஒலி அரை நூற்றாண்டுக்குப்பின் கேட்கத் தொடங்கியது.

கிடங்கில் இருந்த தட்டுகள்

செயின்ட் லூயிஸ் நகரில் பிறந்த கிராண்ட் கிரீன் 1960களின் முற்பாதியில் புளூ நோட்டில் மிக அதிகமாகப் பதிவு செய்யப்பட்ட கலைஞர்களில் ஒருவர். கார்டுகளைத் தவிர்த்து, சாக்ஸபோன் போல ஒற்றைச் சுரங்களாலேயே பேசுவது அவர் பாணி. லாரி யங், டிரம்ஸ் கலைஞர் எல்வின் ஜோன்ஸ் ஆகியோருடன் 1964இல் அவர் செய்த பதிவுகள் ஆர்கன் டிரையோவை ஜிம்மி ஸ்மித்தின் வழியிலிருந்து வேறு திசைக்குத் திருப்பின. யங்கின் 'யூனிட்டி' (1965) அத்திசையின் உச்சம். யங் பின்னர் டோனி வில்லியம்ஸின் 'லைஃப்டைம்' குழுவில் ஜான் மெக்லாக்லினுடன் வாசித்தார். இந்த மெக்லாக்லினே பிறகு வயலின் கலைஞர் எல். சங்கர், கடம் கலைஞர் விக்கு விநாயக்ராம் ஆகியோரோடு 'சக்தி' குழுவை நடத்தியவர்.

கிரீன் பதிவு செய்தவற்றில் கணிசமானவை வெளியிடப்படவே இல்லை. பியானோ கலைஞர் சன்னி கிளார்க்குடன் 1961–62இல் வாசித்த சிறந்த நால்வர் குழுப் பதிவுகள் நிறுவனத்தின் கிடங்கில் கிடந்தன. கிளார்க் 1963 ஜனவரியில் இறந்தார். கிரீன் 1979 ஜனவரி 31 அன்று நியூயார்க்கில், நிகழ்ச்சிக்காக வந்த இடத்தில், காரிலேயே மயங்கிச் சரிந்து இறந்தார். 1964இல் பதிவான 'சாலிட்', 'மட்டாடோர்' இரண்டும் அவர் இறந்த ஆண்டில் வெளிவந்தன. கிளார்க்குடனான பதிவுகள் அடுத்த ஆண்டு ஜப்பானில் தட்டாயின. இருவரில் ஒருவரும் அவற்றைக் கையில் எடுத்துப் பார்க்கவில்லை. அமெரிக்கக் கடைகளில் பழைய ஜாஸ் தட்டுகள் மலிவு விலைப் பெட்டிக்குப் போய்க்கொண்டிருந்த காலத்தில், ஜப்பானிய ரசிகர்கள் வெளிவராத பதிவுகளைக் கேட்டு வாங்கினர்.

கிரீனின் 1970களின் நடன இசைத் தட்டுகளை விமர்சகர்கள் பொருட்படுத்தவில்லை. 1980களின் இறுதியில் லண்டன் டிஜேக்கள் அவற்றை மீண்டும் சுழலவிட்டனர். பின் ஹிப்-ஹாப் குழுக்கள் அவற்றிலிருந்து துண்டுகளை எடுத்துத் தம் பாடல்களில் பயன்படுத்தின. கிரீனின் பெயரே தெரியாத பதின்வயதினர் அவர் கிதாருக்குத் தலையாட்டினர். அவர்களில் சிலர் மூலத்தட்டைத் தேடிச் சென்றனர்.

தன்னையே கேட்டுக் கற்றவர்

பிலடெல்பியாவில் 1944இல் பிறந்த பாட் மார்டினோ பதின்வயதிலேயே ஆர்கன் குழுக்களில் சேர்ந்தவர். ஜாக் மெக்டஃப், டான் பேட்டர்சன் ஆகியோருடன் வாசித்தார். 1967இல் வந்த அவர் முதல் தட்டான 'எல் ஓம்ப்ரே'யில் ஆர்கன் வாசித்தவர் டிரூடி பிட்ஸ். இளமையில் நேரில் சந்தித்த வெஸ் மாண்ட்கோமரியை மார்டினோ தம் ஆதர்சமாகக் கொண்டிருந்தார்.

1976 அளவில் அவருக்கு வலிப்பு வரத் தொடங்கியது. மனநோய் என்று தவறாகக் கருதப்பட்டு மின்னதிர்ச்சிச் சிகிச்சை வரை கொடுக்கப்பட்டது. மூளை இரத்தக்குழாய்களில் பிறவியிலேயே இருந்த கோளாறு பின்னரே தெரியவந்தது. 1980இல் அவசர அறுவை சிகிச்சை நடந்து உயிர் பிழைத்தார். ஆனால் விழித்தபோது பெற்றோரை அடையாளம் தெரியவில்லை; தாம் கிதார் கலைஞர் என்பதும் தெரியவில்லை.

பெற்றோரின் வீட்டில் அவர் தந்தை அவருடைய பழைய தட்டுகளைப் போட்டுக் கேட்கச் செய்தார். தொடக்கத்தில் அந்த ஒலி அவருக்கு எரிச்சலையே தந்தது. தமக்கு நினைவில்லாத ஒருவனாக எல்லோரும் தம்மை ஆக்க முயல்வதாக உணர்ந்தார். மெல்ல மெல்லக் கிதாரை எடுத்தார். விரல்கள் சிலவற்றை வைத்திருந்தன; எஞ்சியவற்றைத் தம் தட்டுகளிலிருந்து, ஒரு மாணவன் ஆசானிடம் கற்பதுபோலக் கற்றார். 1987இல் மீண்டும் மேடை ஏறிய நிகழ்ச்சி 'தி ரிட்டர்ன்' என்ற பெயரில் தட்டாக வந்தது.

2000ஆம் ஆண்டு இறுதியில் கலிபோர்னியாவின் யோஷிஸ் கூடத்தில் ஜோயி டிஃப்ரான்செஸ்கோவின் ஆர்கனோடும் பில்லி ஹார்ட்டின் டிரம்ஸோடும் வாசித்தார். அன்று வாசித்தவற்றில் தமது 22 வயதில் பதிந்த 'எல் ஓம்ப்ரே'யும் ஒன்று. 2006இல் வெஸ்ஸுக்கு அஞ்சலியாக ஒரு முழுத்தட்டை வெளியிட்டார். அதற்கு அவர் வைத்த பெயர் 'ரிமெம்பர்', அதாவது 'நினைவுகொள்'.

பதினொரு மாதங்கள்

ஜோயி டிஃப்ரான்செஸ்கோ 1971இல் பிறந்தபோது ஹாமண்ட் நிறுவனம் பி-3 தயாரிப்பை நிறுத்தச் சில ஆண்டுகளே இருந்தன. எளிதில் தூக்கிச்செல்லும் சின்தசைசர்கள் வந்துவிட, கனத்த ஆர்கன்கள் தேவாலயங்களிலும் கிடங்குகளிலும் தூசுபடியத் தொடங்கின. ஜோயியின் தந்தை ஆர்கன் கலைஞர். வீட்டில் ஓடிய ஜிம்மி ஸ்மித் தட்டுகளைக் கேட்டு நான்கு வயதில் வாசிக்கத் தொடங்கிய மகன், 17 வயதில் மைல்ஸ் டேவிஸின் குழுவோடு ஐரோப்பா சென்றார். அவர் வரவால் இளைஞர்கள் பலர் மீண்டும் ஆர்கன் பக்கம் திரும்பினர். 1990களில் பழைய கலைஞர்களுக்கும் வாய்ப்புகள் வந்தன. பல ஆண்டுகள் வெளியுலகில் பேசப்படாதிருந்த மெல்வின் ரைன் அக்காலத்தில்தான் தம் பெயரில் வரிசையாகத் தட்டுகள் பதிந்தார்.

ஜிம்மி ஸ்மித் கடைசிக் காலத்தில் ஜோயி வாழ்ந்த அரிசோனாவுக்கே குடிபெயர்ந்தார். இருவரும் சேர்ந்து வாசித்த 'லெகசி', ஸ்மித் 2005 பிப்ரவரி 8 அன்று இறந்து சில நாட்களில் வெளிவந்தது.

2021 செப்டம்பர் 28 அன்று டாக்டர் லோனி ஸ்மித் மறைந்தார். பபலோ நகர இசைக்கருவிக் கடையில் நாள்தோறும் வந்து உட்கார்ந்திருந்த இளைஞனிடம் கடைக்காரர் ஓர் ஆர்கனைக் காட்டி, தூக்கிச்செல்ல முடிந்தால் எடுத்துக்கொள் என்று கொடுத்ததிலிருந்து தொடங்கியது அவருடைய கலை வாழ்க்கை. அதே ஆண்டு நவம்பர் 1 அன்று பாட் மார்டினோ, தாம் வளர்ந்த பிலடெல்பியா வீட்டில், நீண்டகால மூச்சுக்கோளாறால் இறந்தார். பதினொரு மாதங்களுக்குள் மூன்றாவது சாவாக ஜோயி டிஃப்ரான்செஸ்கோ 51 வயதில் 2022 ஆகஸ்ட் 25 அன்று காலமானார். அது பாட் மார்டினோவின் பிறந்தநாள். யோஷிஸ் கூடத் தட்டை அன்று அஞ்சலியாகப் போட்டுக் கேட்டவர்கள் அதில் வாசித்த மூவரில் இருவரை ஒருசேர நினைத்துக்கொண்டனர்.