விருத்தாசலம் செராமிக் சேவைத் தொழில்

கடலூர் மாவட்டத்து விருத்தாசலம், பழமலைநாதர் கோயிலுக்கும் ரயில் சந்திப்புக்கும் அடுத்தபடியாகப் பீங்கானுக்குப் பேர்போன ஊர். இங்குள்ள செராமிக் தொழிற்பேட்டையின் சிறு பட்டறைகளில் பொம்மைகள், அகல் விளக்குகள், பியூஸ் கட்டைகள் உருவாகின்றன. பக்கத்து நெய்வேலியில் பழுப்பு நிலக்கரியோடு வெண்களிமண்ணும் கிடைத்தது இத்தொழிலுக்குத் துணையாயிற்று.

மண் அரைக்கும் பால் மில், சூளை, சோதனைக் கருவி என எல்லாவற்றையும் சொந்தமாக வாங்கச் சிறு பட்டறைக்குக் கட்டுபடியாகாது. அதனால்தான் அரசு இங்கே பொதுச் சூளை வசதியையும் செராமிக் பட்டயப் படிப்பையும் ஏற்படுத்தியது. பொருளைக் கொண்டுவந்து கூலி கொடுத்துச் சுட்டுக்கொண்டு போகலாம். கலவை தயாரிப்பு, அச்சு வார்ப்பு, சூளை பழுதுபார்ப்பு போன்றவையும் கூலிக்குச் செய்து தரத்தக்க சேவைகளே.

இவற்றில் நுட்பம் மிகுந்தது அச்சு வேலை. பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சில் களிமண் கூழை ஊற்றினால், அச்சு நீரை உறிஞ்ச, உட்சுவரில் மண் ஏடாகப் படியும், மிஞ்சியதைக் கவிழ்த்துவிடுவார்கள். வார்க்க வார்க்க அச்சு தேயும். பொம்மையின் மூக்கு மழுங்கினால் அச்சை மாற்றும் நேரம் வந்துவிட்டது என்று பொருள். சுடும்போது மண் சுருங்குவதால் கணக்கும் துல்லியமாக இருக்க வேண்டும். மொத்தச் சுருக்கம் 12 விழுக்காடு என்றால், 100 மி.மீ. பொருளுக்கு அச்சு சுமார் 113.6 மி.மீ. இருக்க வேண்டும். அவசரத்தில் 112 என்று போட்டால் ஏறத்தாழ ஒன்றரை மி.மீ. குறையும். பொம்மைக்கு அது பொருட்டில்லை. பியூஸ் கட்டையில் திருகாணி உட்காராது. முதல் மாதிரியைக் கணினியில் வரைந்து முப்பரிமாண அச்சில் எடுப்பவர், கையால் செதுக்குபவரைவிட விரைவாகத் திருத்த முடியும்.

சந்தையும் மாறிவிட்டது. வீடுகளில் எம்.சி.பி. என்னும் தானியங்கி மின்துண்டிப்பான் வந்ததும் பீங்கான் பியூசின் தேவை சுருங்கியது. குஜராத்தின் மோர்பி ஓடுகளிலும், உத்தரப் பிரதேசத்தின் குர்ஜா பாத்திரங்களிலும் முந்திவிட்டன. குர்ஜாவில் மத்தியக் கண்ணாடி, செராமிக் ஆய்வு நிறுவனத்தின் கிளை 1981 முதல் இருப்பது அவ்வூருக்கு ஒரு பலம்.

இந்நிலையில், சூளையில் இடம் மட்டும் விற்கும் சேவை நிறுவனம் வளராது. விறகு, எரிவாயு விலையோடு மல்லுக்கட்டியே ஓய்ந்துபோகும். சூட்டு அறிவை விற்பதே வழி. 1886-இல் ஜெர்மானியர் ஹெர்மன் செகர் உருவாக்கிய வெப்பக் கூம்புகள் குறிப்பிட்ட சூட்டில் வளைந்து, வேக்காட்டைக் காட்டும். இன்று தெர்மோகப்பிள் ஒவ்வொரு நிமிடச் சூட்டையும் பதிவுசெய்கிறது. 573 பாகை செல்சியஸில் குவார்ட்ஸ் திடீரெனப் பருமன் மாறும். அந்தக் கட்டத்தை வேகமாகக் கடந்தால் பொருளில் விரிசல் விழும். எந்தச் சூளையடைப்பில் எத்தனை உருப்படி, எந்தச் சூட்டு வேகத்தில் கெட்டது என்று குறித்துவைப்பவரிடம் பட்டறைக்காரர் திரும்ப வருவார். அந்தப் பதிவேடு இயந்திரத்தைவிட மதிப்பானது.

வாடிக்கையாளர் தர வேண்டிய கூலி நிலுவை இவ்வகைச் சேவை நிறுவனங்களின் பெருந்தொல்லை. 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, பதிவுபெற்ற குறு, சிறு சேவை நிறுவனத்துக்குரிய தொகையை, ஒப்பந்தம் இருந்தாலும், 45 நாளுக்குள் தந்துவிட வேண்டும். தாமதித்தால் ரிசர்வ் வங்கி விகிதத்தைப்போல் மும்மடங்கு கூட்டுவட்டி உண்டு.