விழுந்த அணிகளும் எழுந்த அணிகளும்

கோவில்பட்டி என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு முதலில் ஞாபகம் வருவது கடலைமிட்டாய். 2020ல் புவிசார் குறியீடும் வாங்கிவிட்டது. அடுத்தது தீப்பெட்டி. மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. அது ஹாக்கி.

2022 மே மாதம் கோவில்பட்டி கிருஷ்ணா நகரில் உள்ள செயற்கைப் புல்தரை மைதானத்தில் தேசிய ஜூனியர் ஆண்கள் ஹாக்கிப் போட்டி நடந்துகொண்டிருந்தது. பல மாநிலத்துப் பையன்கள் கத்திரி வெயிலில் ஊருக்குள் மட்டையோடு நடமாடிக்கொண்டிருந்தார்கள். அதே மாதம் 23ஆம் தேதி, இந்தோனேசியாவின் ஜகார்த்தாவில் ஆசியக் கோப்பைப் போட்டியில் இந்தியாவும் பாகிஸ்தானும் மோதின. இந்திய அணியில் தமிழ்நாட்டுக்காரர்கள் இருவர் இருந்தார்கள்: மாரீஸ்வரன் சக்திவேல், கார்த்தி செல்வம். மாரீஸ்வரன் கோவில்பட்டிக்காரர். கார்த்தி அரியலூர்க்காரர். ஆனால் இருவரும் தேறி வந்தது கோவில்பட்டி ஹாக்கி பயிற்சி மையத்தில்தான். தன்னுடைய முதல் சர்வதேச ஆட்டத்திலேயே கார்த்தி கோல் போட்டார். ஆட்டம் 1-1 என்று முடிந்தது. அந்தத் தொடரில் இந்தியாவுக்கு வெண்கலம் கிடைத்தது.

ஜகார்த்தா கோல் விளையாட்டுப் பக்கத்துக்கு உரிய செய்தி. உள்ளூர்ப் போட்டி மாவட்டப் பக்கத்துக்கு உரிய செய்தி. மாவட்டப் பக்கத்து விளையாட்டுச் செய்தி எப்படி இருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். இரண்டு மூன்று பத்தி, ஒரு குரூப் போட்டோ. கோப்பை கொடுத்தவர் பெயர் முதல் வரியில் இருக்கும். முன்னிலை வகித்தவர்கள் பெயர் வரிசையாக வரும். கோல் போட்டவன் பெயர் கடைசியில் வரும், சில நாள் வராமலே போகும். ஆனாலும் அந்த நாலு வரிச் செய்தி சாதாரண விஷயம் இல்லை. ஏன் என்று பார்ப்பதற்கு முன்னால், அணிகள் எப்படிச் சாகின்றன என்று பார்க்க வேண்டும்.

பஞ்சாலை வளர்த்த சாம்பியன்

வணிகவியல் படிப்பவர்களுக்கு 'நற்பெயர்' என்றால் என்ன என்று தெரியும். கட்டிடம், இயந்திரம் போல அதைத் தொட்டுப் பார்க்க முடியாது. ஆனாலும் அது ஒரு சொத்து. கடையை விற்றால் அதற்கும் சேர்த்துத்தான் விலை. கடையை விட்டுத் தனியாகப் பிரித்து அதை மட்டும் விற்க முடியாது என்பது பாடம். ஒரு விளையாட்டு அணியின் நற்பெயர் யாரிடம் இருக்கிறது? முதலாளியிடமா? பார்க்க வரும் ஜனங்களிடமா? இந்தக் கேள்விக்குக் கால்பந்து வரலாற்றில் நல்ல பதில்கள் இருக்கின்றன.

பஞ்சாப் மாநிலம் பக்வாராவில் ஜே.சி.டி. என்று ஒரு பஞ்சாலை. கரிசல்காட்டுக்காரர்களுக்குப் பருத்தியும் ஆலையும் புதிது இல்லை. அந்த ஆலை 1971ல் ஒரு கால்பந்து அணியைத் தொடங்கியது. இந்தியாவில் தேசிய லீக் முதன்முதலாக 1996-97ல் நடந்தபோது கோப்பையை வென்றது கல்கத்தா அணியும் இல்லை, கோவா அணியும் இல்லை. இந்த ஆலை அணிதான். ஐ.எம். விஜயனும் பாய்ச்சுங் பூட்டியாவும் அதில் ஆடினார்கள்.

2011ல் நிர்வாகம் அணியைக் கலைத்துவிட்டது. கால்பந்துக்குப் போதிய விளம்பர வெளிச்சம் இல்லை, அதனால் செலவு செய்வதில் பயன் இல்லை என்பது அவர்கள் சொன்ன காரணம். அதற்கு முந்தைய ஆண்டு, 2010ல், மும்பையின் மஹிந்திரா யுனைடெட் அணியும் இப்படித்தான் மூடப்பட்டது. அது 2005-06ல் தேசிய லீக் சாம்பியன்.

இதில் யாரையும் பெரிதாகக் குறை சொல்ல முடியாது. கம்பெனியின் கணக்கில் அணி என்பது ஒரு செலவுத் தலைப்பு. நல்ல வருடம் என்றால் செலவு நீடிக்கும், கெட்ட வருடம் என்றால் வெட்டு விழும். கம்பெனி அணிகளால் எத்தனையோ ஏழைப் பையன்களுக்கு வேலை கிடைத்தது என்பதும் உண்மை. சென்னையில் ஐ.சி.எஃப்., தெற்கு ரயில்வே, இந்தியன் வங்கி அணிகளில் ஆடினால் மாதச் சம்பளம் உண்டு. ஆனால் அந்த ஏற்பாட்டில் பார்வையாளனுக்கு ஒரு ஓட்டு கூட இல்லை.

சாம்பியன் ஆகியும் பிழைக்காத அணி

சரி, நம் மாநிலத்துக்கு வருவோம். 1946ல் சென்னையில் நேதாஜி ஸ்போர்ட்ஸ் கிளப் என்று தொடங்கப்பட்ட அணிதான் பிற்காலத்தில் சென்னை சிட்டி எஃப்.சி. ஆனது. 2016-17ல் ஐ-லீக்கில் நுழைந்தது. பெயர் சென்னை. ஆனால் சொந்த மைதானமாக அமைந்தது கோயம்புத்தூர் நேரு ஸ்டேடியம். முதல் இரண்டு வருடமும் எட்டாவது இடம்.

மூன்றாவது வருடம், 2018-19ல், சிங்கப்பூர்க்காரரான அக்பர் நவாஸ் பயிற்சியில் அணி வேறு மாதிரி ஆனது. ஸ்பெயினில் இருந்து வந்த பெட்ரோ மான்சி 21 கோல் போட்டார். 2019 மார்ச் 9, கடைசி நாள். ஒரே நேரத்தில் இரண்டு ஊர்களில் ஆட்டம். சென்னை சிட்டி கோவையில் மினர்வா பஞ்சாபுடன். ஈஸ்ட் பெங்கால் கோழிக்கோட்டில் கோகுலம் கேரளாவுடன். மினர்வா மூன்றாவது நிமிடத்திலேயே கோல் போட்டுவிட்டது. இடைவேளைக்குப் பிறகு மான்சி பெனால்டியில் சமன் செய்தார். தற்காப்பு ஆட்டக்காரரான கௌரவ் போரா இரண்டு கோல் போட்டார். 3-1. ஈஸ்ட் பெங்காலும் அங்கே ஜெயித்தது. ஆனால் சென்னை சிட்டிக்கு 43 புள்ளி, ஈஸ்ட் பெங்காலுக்கு 42. ஒரே ஒரு புள்ளியில் கோப்பை தமிழ்நாட்டுக்கு வந்தது.

இதற்குப் பிறகு நடந்ததுதான் விசித்திரம். 2019-20 முதல் ஐ.எஸ்.எல். போட்டியே நாட்டின் முதல்நிலை லீக் என்று ஆனது. ஐ-லீக் சாம்பியனுக்கு ஐ.எஸ்.எல்.லில் இடம் தரப்படவில்லை. ஒரு ஆட்டம் கூடத் தோற்காமலே, ஒரு கோடைக்காலத்தில், சாம்பியன் அணி கீழ்நிலை லீக் அணி ஆகிவிட்டது! சுவிட்சர்லாந்தின் எஃப்.சி. பாசல் 26 சதவீதப் பங்கு வாங்கியிருந்தது. அதுவும் காப்பாற்றவில்லை. 2020-21 சீசனுக்குப் பிறகு ஐ-லீக்கில் சென்னை சிட்டி இல்லை. கோப்பை வாங்கி இரண்டே வருடம்.

கோவையில் கைதட்டியவர்களுக்கு அது சென்னை அணி. சென்னைக்காரர்களுக்கு அது கோவையில் ஆடும் அணி. விழுந்தபோது "இது எங்கள் அணி" என்று சொல்லித் தெருவுக்கு வர ஒரு ஊர் இல்லாமல் போய்விட்டது.

இறங்கி நின்று காத்திருந்த அணி

எல்லாக் கதையும் இப்படி முடியவில்லை. கோவாவின் டெம்போ அணி ஐந்து முறை தேசிய சாம்பியன். 2016ல், இந்தியக் கால்பந்து சம்மேளனத்தின் புதிய திட்டத்தை எதிர்த்து, சல்கோகர், ஸ்போர்ட்டிங் கிளப் டி கோவா ஆகிய அணிகளோடு டெம்போவும் ஐ-லீக்கை விட்டு விலகியது. ஆனால் அணியைக் கலைக்கவில்லை. கோவா லீக்கில் உள்ளூர் இளைஞர்களை வைத்துத் தொடர்ந்து ஆடிக்கொண்டிருந்தது. டிவியில் வராது, தேசியச் செய்தியில் வராது. கோவாப் பத்திரிகைகளின் உள்ளூர்ப் பக்கத்தில்தான் ஸ்கோர் வரும். எட்டு வருடம் கழித்து, 2023-24ல் ஐ-லீக் 2 போட்டியில் இரண்டாம் இடம் பிடித்து மறுபடியும் ஐ-லீக்குக்கு ஏறியது.

இங்கே முதலாளி மாறவில்லை. செலவைச் சுருக்கினார்கள், வேரை வெட்டவில்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

முதலாளி போனாலும் ஊர் விடவில்லை

முதலாளியே அணியை ஊரை விட்டுக் கொண்டுபோனால்? அதற்கு லண்டனில் ஒரு பதில் இருக்கிறது.

தெற்கு லண்டனின் விம்பிள்டன் பகுதியில் 1889ல் தொடங்கிய கால்பந்து அணி விம்பிள்டன் எஃப்.சி. சின்ன அணிதான். ஆனால் 1988ல் எஃப்.ஏ. கோப்பை இறுதி ஆட்டத்தில் லிவர்பூலையே 1-0 என்று வென்றது. 1991ல் பிளவ் லேன் என்ற தன் சொந்த மைதானத்தை விட்டு வேறொரு அணியின் மைதானத்தில் குடித்தனம் செய்ய ஆரம்பித்தது. கடைசியில் உரிமையாளர்கள் அணியையே சுமார் 90 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் மில்டன் கீன்ஸ் நகரத்துக்குக் கொண்டுபோக அனுமதி கேட்டார்கள். 2002 மே 28 அன்று மூன்று பேர் கொண்ட குழு, இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில், சரி என்று சொல்லிவிட்டது.

ரசிகர்கள் அழுதுவிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். போகவில்லை. சில வாரங்களிலேயே ஏ.எஃப்.சி. விம்பிள்டன் என்று புது அணி தொடங்கினார்கள். ஆட்டக்காரர்கள் வேண்டுமே? ஜூன் மாதம் ஊர்ப் பொதுப் புல்வெளியில் தேர்வு நடத்தினார்கள். சுமார் 230 பேர் வந்தார்கள். ஜூலை 10 அன்று முதல் நட்பு ஆட்டம். 4-0 என்று தோல்வி. பார்க்க வந்தவர்கள் 4,657 பேர்!

சேர்ந்தது இங்கிலாந்துக் கால்பந்தின் ஒன்பதாவது படியில். அந்த முதல் சீசனில் ஒன்பதாவது படியில் ஆடிய புது அணிக்கு வந்த கூட்டம், இரண்டாவது படியில் ஆடிய பழைய அணிக்கு வந்த கூட்டத்தை விட அதிகம். பாடப்புத்தகம் பிரிக்க முடியாது என்று சொல்லும் நற்பெயர், இங்கே தனியாக எழுந்து நடந்து போய்விட்டது. உரிமையாளர்களிடம் லீக் இடம் மட்டும்தான் மிச்சம்.

புது அணி 2003 பிப்ரவரி முதல் 2004 டிசம்பர் வரை 78 லீக் ஆட்டங்களில் தோற்கவே இல்லை. ஒவ்வொரு படியாக ஏறி, 2011ல் லூட்டன் டவுன் அணியைப் பெனால்டி முறையில் வென்று இங்கிலாந்தின் கால்பந்து லீக்குக்குள் வந்தது. தொடங்கி ஒன்பதே வருடம். நிர்வாகம் ரசிகர் அறக்கட்டளையின் கையில். ஓர் உறுப்பினருக்கு ஓர் ஓட்டு. அதிகப் பணம் போட்டவருக்கு அதிக ஓட்டு என்ற பேச்சே கிடையாது.

மைதானம் கட்டப் பணம் குறைந்தபோது, 2020ல் ரசிகர்களிடமே கடன் பத்திரம் விற்று 50 லட்சம் பவுண்டுக்கு மேல் திரட்டினார்கள். வெளி முதலீட்டாளரிடம் அணியை ஒப்படைக்காமல் தப்பினார்கள். 2020 நவம்பர் 3 அன்று, பழைய மைதானம் இருந்த அதே பிளவ் லேன் தெருவில் புது மைதானத்தில் முதல் ஆட்டம். கொரோனா காலம் என்பதால் பார்வையாளருக்கு அனுமதி இல்லை. 29 வருடம் காத்திருந்தவர்கள் வீட்டில் உட்கார்ந்துதான் அதைப் பார்க்க வேண்டியிருந்தது.

கதை அத்தோடு சுபம் என்று முடியவில்லை. 2022ல் ஒரு படி கீழே இறங்கினார்கள். 2025 மே மாதம் வெம்பிளியில் வால்சால் அணியை 1-0 என்று வென்று மறுபடியும் ஏறினார்கள். 2025-26 சீசனில் மில்டன் கீன்ஸ் அணியை விட ஒரு படி மேலே ஆடினார்கள்.

இன்னொரு விஷயமும் முக்கியம். மில்டன் கீன்ஸ் போன அணி, 2007ல், விம்பிள்டனின் பழைய வெற்றிகள் மீதான உரிமையை விட்டுக்கொடுத்தது. 1988 கோப்பையின் நகல் உட்பட எல்லாம் ஊருக்கே திரும்பின. வரலாறும் ஒரு சொத்துதான். ரசிகர்கள் அதைத்தான் முதலில் கேட்டு வாங்கினார்கள்.

கரிசலுக்குத் திரும்பினால்

இப்போது கோவில்பட்டிக்குத் திரும்புவோம். ஹாக்கிக்குக் கரிசல் மண் அவ்வளவு இணக்கம் இல்லை. மழை பெய்தால் செருப்போடு காலைப் பிடித்துக்கொள்ளும். கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடிப்பு விடும். 1976 மான்ட்ரியல் ஒலிம்பிக்கில் ஹாக்கி செயற்கைப் புல்தரைக்கு மாறியது. அதுவரை பதக்கமாகக் குவித்த இந்தியா அந்த ஒலிம்பிக்கில் ஏழாவது இடத்துக்குப் போனது. அதன் பிறகு மண் தரையில் மட்டும் ஆடிய ஊர்கள் எல்லாம் பின்தங்க வேண்டியதுதான். அப்படி இருந்தும் இந்த ஊரில் மட்டை கீழே விழவில்லை. லட்சுமி அம்மாள் நினைவு அகில இந்தியப் போட்டி போன்றவை நாட்டின் பெரிய அணிகளை இந்த ஊருக்கே கொண்டுவந்தன. பையன்கள் நல்ல ஆட்டத்தைக் கண்ணால் பார்த்தார்கள். பிறகு செயற்கைப் புல்தரை வந்தது, பயிற்சி மையம் வந்தது, ஜகார்த்தா கோல் வந்தது. 2023 ஆகஸ்டில் சென்னையில் நடந்த ஆசிய சாம்பியன்ஸ் கோப்பையை இந்தியா வென்றபோதும் கார்த்தி அணியில் இருந்தார்.

ஆனால் கோவில்பட்டி நகரத்தோடு கரிசல் முடிந்துவிடவில்லை. நாகலாபுரம், புதூர், விளாத்திகுளம் பக்கம் தை, மாசியில் அறுவடை முடிந்ததும் காலிக் காடுதான் மைதானம். கல்லைப் பொறுக்கிவிட்டு, இரண்டு குச்சி நட்டால் கோல் கம்பம். ஒரு வருடம் ஊர் அணி இருக்கும். ஆட்டக்காரர்கள் திருப்பூருக்கும் சென்னைக்கும் வேலைக்குப் போய்விட்டால் அடுத்த வருடம் இருக்காது. அப்படி ஓர் அணி இருந்தது என்பதற்கு என்ன சாட்சி? ஒரு கோப்பை, யாரோ ஒருவர் வீட்டு டிவி மேல். ஒரு குரூப் போட்டோ. மாவட்டப் பக்கத்தில் வந்த அந்த நாலு வரி.

அதனால்தான் அந்த நாலு வரி சாதாரணம் இல்லை. ஜே.சி.டி.யை மூடியவர்கள் செலவுக் கணக்கைப் பார்த்தார்கள். விம்பிள்டன்காரர்களிடம் பணம் இல்லை, மைதானம் இல்லை, ஆட்டக்காரர் கூட இல்லை. ஆனால் "நாங்கள் யார்" என்ற கணக்கு அவர்களிடம் இருந்தது. எந்த வருடம் யார் ஆடினார்கள், யார் கோல் போட்டார்கள் என்று தெரிந்த ஊர், விழுந்த அணியை மறுபடி எழுப்பிவிடும். அது தெரியாத ஊர் ஒவ்வொரு முறையும் ஒன்றில் இருந்துதான் தொடங்க வேண்டும்.

ஊரில் அடுத்த தடவை டோர்னமென்ட் நடந்தால், கோப்பை கொடுத்தவர் பெயரை எழுதுங்கள், தப்பில்லை. அதோடு பதினொரு பேர் பெயரையும் ஸ்கோரையும் தேதியையும் ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதி வையுங்கள். என்றைக்காவது அணி விழுந்தால், எழுப்ப வருகிறவன் முதலில் தேடுவது அந்த நோட்டைத்தான்.