எந்தத் தோட்டம், எந்த வருசம்?

ராக் இசையில் 'ரூட்ஸ் ராக்' என்று ஒரு வகை உண்டு. தமிழில் வேரிசை என்று சொல்லிக்கொள்ளலாம். புளூஸ், கண்ட்ரி, தேவாலயப் பாட்டு என்று வயல்காட்டிலும் வீட்டுத் திண்ணையிலும் கிடந்த இசையை எடுத்து, மின்கித்தாரும் டிரம்ஸும் சேர்த்து வாசிப்பார்கள். பத்து வருடமாக நான் இதற்கு ரசிகன். ஈப்போவில் எங்கள் கூட்டம் பெரியதல்ல, ஒரு மேசைக்குள் அடங்கிவிடுவோம். எந்தக் குழு எப்போது கோலாலம்பூர் வருகிறது, யார் குழுவைவிட்டு விலகினார், நேற்று மேடையில் எந்தப் பாட்டை முதலில் எடுத்தார்கள், எதில் முடித்தார்கள் என்பதெல்லாம் எங்களுக்குத் தலைப்புச் செய்தி. வீட்டில் இதைப் பார்த்துவிட்டு, "தமிழனுக்கும் இந்தப் பாட்டுக்கும் என்னாடா சம்பந்தம்?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். பதிலில் பாதி மிசிசிப்பியிலும் மீதி பேராவிலும் இருக்கிறது.

முதலில் மிசிசிப்பி. 1941 ஆகஸ்ட்டில் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்துக்காக ஆலன் லோமாக்ஸும், ஃபிஸ்க் பல்கலைக்கழகத்தின் ஜான் வொர்க்கும் ஒலிப்பதிவுக் கருவியைக் காரில் ஏற்றிக்கொண்டு ஸ்டோவால் என்ற பருத்தித் தோட்டத்துக்குப் போனார்கள். அங்கே டிராக்டர் ஓட்டிக்கொண்டிருந்த ஒரு கறுப்பின இளைஞரைப் பாடச் சொல்லிப் பதிவுசெய்தார்கள். தன் குரலை முதன்முதலாக வெளியிலிருந்து கேட்ட பிறகுதான் அவருக்குத் தன்மேல் நம்பிக்கை வந்தது. இரண்டு வருடம் கழித்து, 1943இல், தோட்டத்தை விட்டு சிகாகோவுக்கு ரயிலேறினார். நகரத்துச் சத்தத்தில் சாதாரண கித்தார் எடுபடாது என்பதால் மின்கித்தாருக்கு மாறினார். அவர்தான் மடி வாட்டர்ஸ். 1950இல் வந்த அவருடைய ஒரு பாட்டின் பெயரைத்தான் ரோலிங் ஸ்டோன்ஸ் குழு தனக்கு வைத்துக்கொண்டது. ஆக, தோட்டத்தில் கூலிவேலை செய்தவர் நகரத்துக்கு வந்து தன் பாட்டுக்கு மின்சாரம் கொடுத்ததில்தான் இந்த இசையின் பெரும்பகுதி தொடங்குகிறது.

இரண்டாவது கதை ஒரு ரசிகருடையது. ஹாரி ஸ்மித் பழைய இசைத்தட்டுகளைத் தேடித்தேடிச் சேர்த்தவர். 1927 முதல் 1932 வரை வெளியாகி, பிறகு எல்லாரும் மறந்துபோன தட்டுகளிலிருந்து 84 பாட்டுகளைத் தேர்ந்தெடுத்து 1952இல் ஃபோக்வேஸ் நிறுவனம் வழியாக ஒரு தொகுப்பு வெளியிட்டார். அறுபதுகளில் நாட்டுப்புற இசைக்கு வந்த மறுவாழ்வுக்கு அந்தத் தொகுப்புதான் பாடப்புத்தகம். அதில் மிசிசிப்பி ஜான் ஹர்ட் என்பவர் 1928இல் பாடிய பாட்டுகளும் இருந்தன. ஆள் என்ன ஆனார் என்று யாருக்கும் தெரியாது. அவருடைய இன்னொரு பழைய பாட்டில் அவலான் என்ற ஊர்ப்பெயர் வருகிறது. 1963இல் டாம் ஹாஸ்கின்ஸ் என்ற ரசிகர் அந்தப் பெயரை வரைபடத்தில் தேடிப் பிடித்து நேரே அங்கே போனார். ஜான் ஹர்ட் அங்கேதான் இருந்தார், விவசாயக் கூலியாக. அதே வருடம் நியூபோர்ட் விழாவில் ஆயிரக்கணக்கானோர் முன்னால் அவர் வாசித்தார். 1966இல் இறந்துபோனார். கடைசி மூன்று வருடம் அவருக்குக் கிடைத்த கைத்தட்டலுக்குக் காரணம், ஒரு பாட்டில் ஓர் ஊரின் பெயர் இருந்ததும் அதை ஒரு ரசிகர் கவனித்ததும்தான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1968இல் 'மியூசிக் ஃப்ரம் பிக் பிங்க்' வெளியிட்ட தி பேண்ட் குழுவில் ஐந்து பேர். அதில் நால்வர் கனடாக்காரர்கள். லெவான் ஹெல்ம் மட்டுமே அமெரிக்கத் தெற்கில், ஆர்கன்சாவின் பருத்திக்காட்டில் வளர்ந்தவர். 1969இல் 'பாயூ கண்ட்ரி' என்று லூசியானா சதுப்புநிலத்தின் பெயரில் இசைத்தட்டு வெளியிட்ட கிரீடன்ஸ் குழுவினர் கலிபோர்னியாப் பையன்கள். அந்த மண்ணில் பிறக்காதவர்கள் அந்த மண்ணின் பாட்டை எடுக்க முடிந்ததற்குக் காரணம், அவர்களுக்கு முன்னால் யாரோ அதைப் பதிந்து வைத்திருந்தார்கள். ரப்பர் தோட்டத்தில் பிறந்த தாத்தாவுக்குப் பேரனாக, தாமான் வீட்டில் பிறந்து வளர்ந்த எனக்கு இது முக்கியமாகப் படுகிறது.

இனி பேரா. 1877இல் ஹியூ லோ கோலகங்சாரில் நட்ட ஒன்பது கன்றுகள் இந்நாட்டு ரப்பரின் தொடக்கக் கன்றுகளில் சேரும். அடுத்த அறுபது வருடத்தில் சுங்கை சிப்பூட், செம்மோர், தைப்பிங், தெலுக் இந்தான் என்று மாநிலம் முழுக்கப் பால்மரம் ஆனது. கங்காணிகள் தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து ஆள்பிடித்து வந்தார்கள். 1938இல் இந்திய அரசாங்கம் அதை நிறுத்தும்வரை கப்பல்கள் வந்துகொண்டே இருந்தன. வந்தவர்கள் மாரியம்மனையும் முனியாண்டியையும் மதுரைவீரனையும் கூடவே கொண்டுவந்தார்கள். அந்தச் சாமிகள் சும்மா வருமா? தப்பும் உறுமியும் உடுக்கையும் சேர்ந்தே வந்தன.

உறுமியைப் பற்றி ஒரு பொறியாளனாக இரண்டு வார்த்தை. அதற்கு இரண்டு பக்கமும் தோல். ஒரு பக்கத்தைக் குச்சியால் அடிப்பார்கள், மறுபக்கத்தில் வளைந்த குச்சியை அழுத்தித் தேய்ப்பார்கள். தேய்க்கும்போது குச்சி தோலில் ஒட்டும், வழுக்கும், மறுபடி ஒட்டும். வயலின் வில் கம்பியில் செய்வதும் இதே வேலைதான். அழுத்தம் கூடக் குறைய ஒலி ஏறி இறங்கி வழுக்கிக்கொண்டே போகும். மிசிசிப்பிக்காரர்கள் கண்ணாடிப் போத்தல் கழுத்தை விரலில் மாட்டிக் கித்தார்க் கம்பிமேல் இழுத்துச் செய்ததும் இந்த வழுக்கலைத்தான். இரண்டும் சுரத்துக்கும் சுரத்துக்கும் நடுவிலுள்ள இடத்தில் வாழும் ஒலிகள். முதன்முதலில் அந்தக் கித்தாரைக் கேட்டபோது எங்கேயோ கேட்ட மாதிரி இருந்ததற்கு எனக்குத் தெரிந்த காரணம் இதுதான். தீமிதியில் கேட்டது.

இந்த வாத்தியங்கள் மரியாதையோடு வாழவில்லை என்பதையும் மறைக்க வேண்டாம். தப்பு என்றாலே சாவு, சாவு என்றாலே சாதி என்று ஊரில் இருந்த கணக்கு கப்பலேறி இங்கேயும் வந்தது. 1929 டிசம்பரில் பெரியார் மலாயாவுக்கு வந்து ஈப்போவில் நடந்த தமிழர் மாநாட்டில் பேசினார். சுயமரியாதைக் காற்று தோட்டங்களிலும் வீசியது. தமிழ்நாட்டில் 'இனி சாவுக்குப் பறை அடிக்க மாட்டோம்' என்று பலர் கீழே வைத்தார்கள். வைத்தது சரி. அடிக்கச்சொன்னது சாதி. பின்னாளில் வேறு சிலர் அதே பறையை மேடையில், தங்கள் விருப்பத்தில், கையில் எடுத்தார்கள். அதுவும் சரி. புளூஸுக்கும் இந்தக் கதை உண்டு. அதைச் சாத்தானின் இசை என்று ஒதுக்கிய கறுப்பினக் குடும்பங்கள் ஏராளம்.

மின்சாரம் வந்தது திருவிழா வழியாக. வருடம் ஒருமுறை தோட்டத்து மாரியம்மன் திருவிழா. பாட்டியைக் கேட்டால் அவர் ஊர்வலத்தைவிட ராத்திரி நிகழ்ச்சியைத்தான் அதிகம் சொல்வார். "ஜெனரேட்டர் சத்தம் ஒரு பக்கம், பாட்டு ஒரு பக்கம். பக்கத்துத் தோட்டத்திலேருந்து லோரியில ஆளுங்க வந்துருவாங்க. ஆர்மோனியம், டோலக்கு, அப்புறம் ஒரு கித்தாரு. அந்தப் பையன் பகல்ல மருந்தடிக்கிற வேலை." பகலில் வெளிக்காட்டு வேலை, இரவில் கித்தார். மடி வாட்டர்ஸ் டிராக்டரிலிருந்து இறங்கிப் பாடியதற்கும் இதற்கும் எனக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

அவர்கள் வாசித்தது சினிமாப் பாட்டுதானே, அது எப்படி வேரிசை ஆகும் என்று கேட்கலாம். 1976இல் 'அன்னக்கிளி' வந்த பிறகு அந்தக் கேள்வி சிக்கலாகிவிடுகிறது. இளையராஜா பண்ணைப்புரத்துக்காரர். அண்ணன் பாவலர் வரதராசனின் குழுவோடு ஊர்ஊராகப் போய்க் கம்யூனிஸ்ட் கட்சி மேடைகளில் வாசித்து வளர்ந்தவர், கித்தார் படித்தவர். நாட்டுப்புற மெட்டை எடுத்து அதற்குக் கித்தாரும் பேஸும் வயலின் கூட்டமும் கொடுத்தார். தமிழில் வேரிசையைப் பெரிய அளவில் செய்தவர் அவர்தான் என்பேன். நாற்று நடவு மெட்டு சினிமாவுக்குப் போய், அங்கிருந்து வானொலி வழியாகக் கப்பல் இல்லாமலே மலாயா தோட்டத்துக்கு வந்து, மருந்தடிக்கிற பையனின் கித்தாரில் இறங்கியது. நீண்ட சுற்று, ஆனால் வீடு வந்து சேர்ந்த சுற்று.

இதே காலத்தில் நகரத்தில் வேறொன்று நடந்தது. பினாங்கின் டேவிட் ஆறுமுகமும் தம்பி லோகநாதனும் அலிகேட்ஸ் குழுவாக எழுபதுகளில் ஹாங்காங் மேடைகள்வரை வாசித்துவிட்டு, 1979இல் 'தெரிமா காசே' என்ற மலாய் இசைத்தட்டோடு நாட்டின் பெரிய குழுவானார்கள். லோகநாதன் 2007இல் மறைந்தபோது எல்லா இனத்தாரும் அழுதார்கள். புளூஸ் கேங் குழு நெகிரி செம்பிலான் வட்டார வழக்கிலேயே பாடிக் காட்டியது. அந்தக் குழுவில் பேஸ் கித்தார் வாசித்தவர் பெயர் ஜிம் மாடசாமி. பெயரைக் கவனியுங்கள். திருநெல்வேலிப் பக்கத்துக் காவல்தெய்வத்தின் பெயர், மலாய் புளூஸ் குழுவில். இவர்களெல்லாம் நம் ஆட்கள் என்று பெருமைப்படுகிறோம். ஆனால் பாட்டு மலாயில்தான் வந்தது. இசைத்தட்டுச் சந்தையும் மேடையும் அங்கே இருந்தன. இசைத்தட்டாக வந்ததால்தான் இன்று வருடத்தோடும் பெயரோடும் அவர்களைப் பற்றி எழுத முடிகிறது. தோட்டத்துக் கித்தார்ப் பையனைப் பற்றி என்னால் இப்படி எழுத முடியாது.

தோட்டங்கள் போன கதை எல்லாருக்கும் தெரியும். ஐம்பது அறுபதுகளில் துண்டாடி விற்றார்கள். சுங்கை சிப்பூட்டில் பிறந்த துன் சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கித் தொழிலாளர்களின் பத்து வெள்ளி, இருபது வெள்ளியில் தோட்டங்களை வாங்கிக் கொஞ்சம் தடுத்தார். 1969க்குப் பிறகு வேலை பெர்மிட் இல்லாதவர்கள் ஆயிரக்கணக்கில் இந்தியாவுக்குத் திரும்பினார்கள். ரப்பர் செம்பனையானது. தொண்ணூறுகளில் லயன்கள் இடிந்து தாமான்கள் எழுந்தன. ஜனங்கள் நகரத்து ஓரங்களுக்கு வந்தார்கள். தப்பும் உறுமியும் அவர்களோடு வந்தன. தோட்டத்தின் பெயர்தான் வரவில்லை.

நகரத்துக்கு வந்த பிள்ளைகள் சும்மா இருக்கவில்லை. 2006இல் யோகி பியும் நட்சத்திராவும் 'வல்லவன்' வெளியிட்டார்கள். நட்சத்திராவின் டாக்டர் பர்னும் எம்சி ஜெஸ்ஸும் ஈப்போக்காரர்கள். அதில் அவர்கள் கையாண்ட 'மடை திறந்து', 1980இல் வந்த 'நிழல்கள்' படத்துக்கு இளையராஜா போட்டது. அப்பா தலைமுறை திருவிழாவில் வாசித்த இசையின்மேல் மகன் தலைமுறை தன் பேச்சை ஏற்றியது. தமிழ்நாட்டுச் சினிமா யோகி பியைக் கூப்பிட்டு 'பொல்லாதவன்' படத்தில் பாடவைத்தது. பாட்டு இங்கிருந்து அங்கே போனது.

இன்னொரு பக்கம் உறுமி மேளக் குழுக்கள். ஒரே நிறச் சட்டை, குழுவுக்கு ஒரு பெயர், இருபது பையன்கள். தைப்பூசத்தில் ஈப்போ கல்லுமலைக்குப் போகும் வழியில் நின்றால் உடம்புக்குள் அடிக்கும். இவர்களை ரவுடிக் கூட்டம் என்று பேசுகிறவர்கள் உண்டு. எனக்கு அவர்கள் இந்நாட்டின் உயிருள்ள வேரிசைக் குழுக்கள். சரவாக்கில் 1998 முதல் நடக்கும் மழைக்காட்டு உலக இசை விழா சாப்பே என்ற ஓராங் உலு நரம்பிசைக் கருவியை உலக மேடையில் வைத்தது. ஒலிபெருக்கி கொடுத்தார்கள், வாசிப்பவரின் பெயரைப் போட்டார்கள், நிகழ்ச்சிநிரலில் தேதி அச்சடித்தார்கள். கருவி இளைஞர் கைக்குத் திரும்பியது.

பெயரும் தேதியும். என் கூட்டத்து ரசிகர்கள் மேசையில் உட்கார்ந்து சண்டை போடுவது இந்த இரண்டுக்காகத்தான். அதைப் பைத்தியம் என்று வீட்டில் சொல்கிறார்கள். அந்தப் பைத்தியம் இல்லாமல் ஜான் ஹர்ட் கிடைத்திருக்க மாட்டார். நம் தோட்டத்து நாட்டுப்புறப் பாடல்களின் வரிகளை ஆய்வாளர்கள் தொகுத்து அச்சிட்டிருக்கிறார்கள், நல்ல காரியம். ஆனால் அச்சில் அடி கேட்காது, குழு தெரியாது, அன்றைய இரவு தெரியாது.

தோட்டங்களுக்கு இரண்டு பெயர் உண்டு. கம்பெனி வைத்த ஆங்கிலப் பெயர் நிலப்பதிவில் இருக்கும். ஆட்கள் வைத்த தமிழ்ப் பெயர், ஆறாங்கட்டை மாதிரி, வயதானவர்கள் வாயில் மட்டும் இருக்கிறது. அவர்களுக்கு இப்போது எண்பது ஆகிவிட்டது. கேட்க வேண்டியது அதிகமில்லை. எந்தத் தோட்டம், எந்த வருசம், யார் வாசித்தது, என்ன வாத்தியம், எந்தப் பாட்டில் தொடங்கினார்கள். கைப்பேசியில் ஒலிப்பதிவுப் பொத்தானை அழுத்திவிட்டுக் கேட்டால் போதும். போன மாதம் நான் பாட்டியிடமிருந்து தொடங்கினேன். 48 நிமிடம் பேசினார். கித்தார்ப் பையனின் பெயர் கடைசிவரை நினைவுக்கு வரவில்லை. ஆனால் தோட்டத்தின் தமிழ்ப் பெயர் வந்தது, அவன் ஒரே பாட்டை மூன்று முறை வாசிக்கவேண்டி வந்த வருடமும் வந்தது. அந்தத் தோட்டத்தில் இருந்தவர்கள் இப்போது எந்தெந்தத் தாமானில் இருக்கிறார்கள் என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.