பேருபாரியும் கச்சத்தீவும்: ஆட்சிப்பரப்பு இழப்பில் இந்திய அரசமைப்பும் பன்னாட்டுச் சட்டமும்

முன்னுரை

ஓர் அரசு தன் நிலத்தின் ஒரு பகுதியை உடன்படிக்கையின் வழி மற்றோர் அரசுக்கு விட்டுக்கொடுக்கலாம் என்பது பன்னாட்டுச் சட்டத்தில் ஐயத்துக்கிடமில்லாத நெறி. இறையாண்மையின் கூறுகளுள் அதுவும் ஒன்று. ஆனால், அந்த அதிகாரத்தை எவர், எவ்வழியில் செலுத்த வேண்டும் என்பதை அந்தந்த நாட்டின் அரசமைப்பே கூற வேண்டும். இந்திய அரசமைப்பின் உறுப்பு 1(3)(இ) நிலம் ஈட்டப்படுவதைச் சுட்டுகிறது, இழக்கப்படுவதைச் சுட்டவில்லை. உறுப்பு 253 உடன்படிக்கைகளைச் செயற்படுத்தச் சட்டமியற்றும் அதிகாரத்தை நாடாளுமன்றத்துக்கு அளிக்கிறது; கையொப்பத்துக்கு முன் நாடாளுமன்றத்தின் இசைவைப் பெற வேண்டும் என்று எங்கும் விதிக்கப்படவில்லை. இவ்வெற்றிடத்தை உச்ச நீதிமன்றத்தின் முன் கொண்டு வந்தது மேற்கு வங்கத்தின் ஜல்பாய்குரி மாவட்டத்திலுள்ள ஒரு சிறு நிலப்பகுதி.

பேருபாரி

1947ஆம் ஆண்டின் ராட்கிளிஃப் தீர்ப்பு ஜல்பாய்குரி மாவட்டத்தைத் தாணா எல்லைகளின்படி பிரித்தது. அதன் எழுத்து விளக்கத்தில் போதா என்னும் தாணாவின் பெயர் விடுபட்டது. இணைக்கப்பட்ட நிலப்படத்திலும் பிழை நேர்ந்தது. இந்தியாவுக்கு வழங்கப்பட்ட ஜல்பாய்குரி தாணாவிலிருந்த பேருபாரி யூனியன் எண் 12இன் மீது பாகிஸ்தான் 1952இல் உரிமை கோருவதற்கு இப்பிழைகளே இடந்தந்தன. அதன் பரப்பு 8.75 சதுர மைல். மக்கள்தொகை பத்து முதல் பன்னிரண்டு ஆயிரம். 1958 செப்டம்பரில் நேருவும் பாகிஸ்தான் தலைமை அமைச்சர் பிரோஸ்கான் நூனும் அதைச் சரிபாதியாகப் பிரித்துக்கொள்ள உடன்பட்டனர்.

மேற்கு வங்கத்தில் எழுந்த எதிர்ப்புக்கிடையே, குடியரசுத் தலைவர் உறுப்பு 143இன் கீழ் உச்ச நீதிமன்றத்தின் கருத்தைக் கேட்டார். இது நிலத்தைக் கொடுப்பதன்று, முன்பே உள்ள எல்லையை உறுதிசெய்வதே. ஆகவே அரசின் நிர்வாக அதிகாரமே போதும் என்பது ஒன்றிய அரசின் வாதம். எட்டு நீதிபதிகள் 1960 மார்ச் 14 அன்று வழங்கிய கருத்து இவ்வாதத்தை ஏற்கவில்லை. ராட்கிளிஃப் தீர்ப்பின் பொருள் யாது என்று ஆராய்ந்து இருதரப்பும் இம்முடிவுக்கு வரவில்லை. பூசல் தீர நிலத்தைப் பாதியாக்கினர், அவ்வளவே. எனவே இது நிலம் விடுதல். உறுப்பு 3இன் கீழான இயல்புச் சட்டம் இதற்குப் போதாது, உறுப்பு 368இன்படி அரசமைப்புத் திருத்தம் வேண்டும் என்றது நீதிமன்றம். நாட்டின் நிலத்தை எவ்வழியிலும் விட்டுக்கொடுக்கவே இயலாது என்று முகவுரையைக் காட்டி முன்வைக்கப்பட்ட எதிர்வாதமும் தள்ளப்பட்டது. முகவுரை அரசமைப்பின் பகுதியன்று என அப்போது கூறியதை நீதிமன்றமே 1973இல் கேசவானந்த பாரதி வழக்கில் மாற்றிக்கொண்டது தனிக்கதை.

இக்கருத்தில் அறிஞர் பலர் கடந்து செல்லும் முரண் ஒன்றுண்டு. உறுப்பு 3இன்படி ஒரு மாநிலத்தின் எல்லையை மாற்ற வேண்டுமாயின், அம்மாநிலச் சட்டமன்றத்தின் கருத்தைக் கேட்டாக வேண்டும். உறுப்பு 368இன்படி முதலாம் உறுப்பையும் முதல் அட்டவணையையும் திருத்துவதற்கோ மாநிலங்களின் ஒப்புதல் வேண்டியதில்லை. நாடாளுமன்றத்தில் கடினமான வழி, மாநிலத்தைப் பொறுத்தவரை எளிய வழியாயிற்று. 1960இன் இறுதியில் ஒன்பதாம் திருத்தம் நிறைவேறியது.

சொல்லின் எல்லை

'நிலம் விடுதல்', 'எல்லை உறுதிசெய்தல்' என்னும் இரு சொற்களுக்கிடையிலான கோடு இதன்பின் பெரும்பொருள் பெற்றது. கட்சுப் பாலைப் பகுதி குறித்த பன்னாட்டுத் தீர்ப்பாயத்தின் 1968ஆம் ஆண்டு முடிவு, இந்தியா உரிமை கொண்டாடிய நிலத்தின் ஒரு பகுதியைப் பாகிஸ்தானுக்கு வழங்கியது. மகன்பாய் படேல் வழக்கில் (1969) உச்ச நீதிமன்றம், இது பூசலுக்குட்பட்ட எல்லையின் தீர்வேயாதலால் அரசமைப்புத் திருத்தம் வேண்டியதில்லை என முடிவு செய்தது. முதன்மைத் தீர்ப்பை எழுதிய ஹிதாயத்துல்லா, பேருபாரி ஆயத்திலும் அமர்ந்தவர் என்பது நோக்கத்தக்கது.

1974ஆம் ஆண்டில் இரு உடன்படிக்கைகள் ஆறு வார இடைவெளியில் கையெழுத்தாயின. மே 16 அன்று வங்கதேசத்துடன் செய்யப்பட்ட உடன்படிக்கை, கொடுக்கப்படாமலேயே இருந்த பேருபாரிப் பாதியை இந்தியாவுக்கே விட்டது. மாறாகத் தகாகிராம், அங்கர்போத்தா ஆகியன வங்கதேசத்திடம் நின்றன. ஜூன் 26, 28 நாட்களில் இலங்கையுடன் கையெழுத்தான உடன்படிக்கை கச்சத்தீவை எல்லைக்கோட்டின் இலங்கைப் பக்கத்தில் வைத்தது. முன்னதை முழுமையாகச் செயற்படுத்த 2015இல் நூறாம் திருத்தம் தேவைப்பட்டது. பின்னதற்குத் திருத்தமும் இல்லை, சட்டமும் இல்லை. பூசலுக்குரிய தீவின் எல்லையே வரையறுக்கப்பட்டது என்பது ஒன்றிய அரசின் நிலைப்பாடு. 2008இல் ஜெயலலிதா உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கு, பேருபாரிக் கருத்தையே அடிப்படையாகக் கொண்டு இதை மறுத்தது.

பன்னாட்டுச் சட்டத்தின் பக்கம்

பேருபாரியை மேற்கோள் காட்டுவோர் மறுபக்கத்தையும் எண்ண வேண்டும். 1969ஆம் ஆண்டின் வியன்னா உடன்படிக்கைச் சட்ட ஒப்பந்தத்தின் 27ஆம் உறுப்பின்படி, உள்நாட்டுச் சட்டத்தைக் காட்டி உடன்படிக்கைக் கடமையை மறுத்தல் இயலாது. 46ஆம் உறுப்பு விலக்கொன்று தருகிறது: மீறல் வெளிப்படையானதாகவும், மீறப்பட்ட விதி அடிப்படைச் சிறப்புடையதாகவும் இருத்தல் வேண்டும். இந்தியா இவ்வொப்பந்தத்தில் சேரவில்லையெனினும், இதன் விதிகள் பலவும் வழக்காற்றுச் சட்டமாகக் கொள்ளப்படுகின்றன. 1960இன் கருத்து ஊரறிந்த ஆவணமாதலால் மீறல் வெளிப்படையே என வாதிடலாம். ஆயினும், ஒன்றிய அரசு தானே பல்லாண்டுகளாக அவ்வுடன்படிக்கையை ஏற்றொழுகி வந்திருப்பது அவ்வாதத்தின் வலுவைப் பெரிதும் குறைக்கிறது. இந்திய நீதிமன்றத் தீர்ப்பொன்று தில்லியைக் கட்டுப்படுத்தலாம், கொழும்பைக் கட்டுப்படுத்தாது.

ஆகவே, கச்சத்தீவு வழக்கின் உயிர்நிலை சட்ட விதியில் இல்லை. 1974க்கு முன் அத்தீவு இந்திய ஆட்சிப்பரப்பில் இருந்ததா என்னும் வரலாற்று வினாவில் உள்ளது. இராமநாதபுரம் ஜமீன் ஆவணங்கள் ஒருபுறம். 1921இல் சென்னை, இலங்கைப் பேராளர் கொழும்பில் பேசி, தீவை இலங்கைப் பக்கம் விட்டு வரைந்த, முறையான உடன்படிக்கையாக உருப்பெறாத மீன்பிடி எல்லைக்கோடு மறுபுறம். இவ்விரண்டையும் ஒருங்கே வைத்து எடைபோட வேண்டிய பணி வழக்கறிஞரினும் வரலாற்றாய்வாளருக்கே முதலில் உரியது.